நான் வேண்டாம் என்று சொன்ன தகடுகள்

டிஸ்கி: அடியேன் இஞ்சினியர் இல்லை. பி.காம்., வங்கி வேலை, பதினேழு வருஷமாகக் குஜராத் வாசம். கீழே வரும் இயந்திர விஷயத்தில் ஏதாவது தப்பு இருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் மன்னித்துத் திருத்தவும். கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் மன்னிக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு கேஸ் கீசரைக் கழற்ற ஒரு பையன் வந்தான். பரோடா குளிர் ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை, தங்கமணி மூன்று நாளாக அர்ச்சனை. அவன் மூடியைக் கழற்றி உள்ளேயிருந்து செம்பில் ஒரு பெட்டியை எடுத்தான். நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள், அவற்றைத் துளைத்துக்கொண்டு போகும் குழாய். தகடுகளுக்கு நடுவே கறுப்பாகக் கரியும் தூசியும். குழாய்க்குள்ளே வெள்ளையாக உப்பு.

ஒன்பதாவது படிக்கும் என் பையன் "இது என்னப்பா?" என்றான். "ஹீட் எக்ஸ்சேஞ்சர்" என்றேன். "காமர்ஸ் படிச்ச உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் பாருங்கள், அங்கேதான் கொசுவத்திச் சுருள் சுற்ற ஆரம்பித்தது. அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது.

முதலில் அந்தச் சாமான் என்ன என்று பார்த்துவிடுவோம். பெயரில் எக்ஸ்சேஞ்ச் இருந்தாலும் பண்டமாற்று எதுவும் இல்லை. சூடான ஒன்று, ஆறிய ஒன்று, இரண்டும் கலக்கக் கூடாது. ஆனால் சூடு மட்டும் இங்கிருந்து அங்கே போக வேண்டும். நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். மன்னார்குடியில் எங்கள் பாட்டி வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு குழாய், அதற்குள் கரித்துண்டு, சுற்றிலும் தண்ணீர். உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும், பாதிப் பேர் வீட்டில் அது பழைய பாத்திரக்காரருக்குப் போயிருக்கும். அதுவும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான். காருக்கு முன்னால் இருக்கும் ரேடியேட்டர், ஏ.சி.யின் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, எல்லாம் இதே ஜாதி.

எங்கள் தொழிலுக்கு இது ரொம்பப் பக்கம். இந்தப் பக்கம் எவ்வளவு சூடு பற்று எழுதினோமோ, அந்தப் பக்கம் அவ்வளவும் வரவு வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ரெட்டைப் பதிவுக் கணக்கு பிசகலாம், சூட்டுக் கணக்கு பிசகவே பிசகாது.

ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொரு விஷயம். குழந்தைக்குப் பால் சூடாக இருந்தால் என்ன செய்வோம்? டம்ளரை ஒரு கிண்ணம் தண்ணீரில் வைப்போம். பால் 80 டிகிரி, தண்ணீர் 20 டிகிரி, இரண்டும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் சுமார் 50-க்கு வந்து நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு டிகிரி கூட நகராது. பாலும் தண்ணீரும் இரண்டு குழாய்களில் ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடினாலும் இதே கதிதான், கடைசியில் 50.

இப்போது தண்ணீரை எதிர்த் திசையில் ஓட விடுங்கள். பால் ஆறி வெளியே போகிற இடத்தில் புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது. பால் கொதியோடு உள்ளே வருகிற இடத்தில், ஏற்கெனவே சூடாகிவிட்ட தண்ணீர் வெளியே போகிறது. வழி நெடுக இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். அந்த வித்தியாசம் பத்து டிகிரி என்றால், பால் 30-க்கு இறங்கிவிடும், தண்ணீர் 70-க்கு ஏறிவிடும். தண்ணீர் பாலை விடச் சூடாக வெளியே போகிறது! அதே பால், அதே தண்ணீர், அதே சுவர். திசையை மட்டும் மாற்றினோம். முதல் தடவை இதைக் கேட்டபோது யாரோ எனக்குக் கள்ளக் கணக்கு காட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது டிகிரி டேலி ஆன பிறகுதான் நம்பினேன்.

சொல்லிக் கொடுத்தவர் ஒரு பால் பண்ணைக்காரர்.

2014. அப்போது எனக்கு ஆனந்த் பக்கத்தில் ஒரு கிளையில் கடன் பிரிவு. ஆனந்த் என்றால் உங்களுக்கே தெரியும், 1946-ல் கேடா ஜில்லா விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து ஆரம்பித்து அமுல் ஆன ஊர். அந்த ஆலமரத்தின் நிழலில் சின்னச் சின்னத் தனியார் பால் பண்ணைகளும் உண்டு. அதில் ஒருவரை நாங்கள் 'காகா' என்று கூப்பிடுவோம். குஜராத்தியில் அது சித்தப்பா பெரியப்பா முறை, நம்மூர்ப் பறவை இல்லை. அறுபது வயது, வெள்ளைப் பைஜாமா, ஒரு நாளைக்கு முப்பதாயிரம் லிட்டர் பால்.

பால் கிராமங்களிலிருந்து குளிரூட்டப்பட்டு 4 டிகிரியில் வரும். அதை 72 டிகிரிக்குச் சூடாக்கி, பதினைந்து விநாடி அப்படியே வைத்திருந்து, மறுபடி 4-க்கு இறக்கிப் பாக்கெட்டில் அடைக்க வேண்டும். பாஸ்சரைசேஷன் என்பது இவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், காசு கொடுத்து 68 டிகிரி ஏற்றுகிறோம், உடனே காசு கொடுத்து அதே 68 டிகிரியை இறக்குகிறோம். இதை விட அசட்டுத்தனமான செலவு உண்டா?

இந்த அசட்டுத்தனத்துக்குத்தான் தகடு வைத்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் வந்தது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் என்பவர் 1923-ல் கொண்டுவந்தது. மெல்லிய எவர்சில்வர் தகடுகள், அப்பளம் பொரித்தது போல் நெளிநெளியாக, ஓரத்தில் ரப்பர் கேஸ்கெட், ஒரு சட்டத்தில் வரிசையாக நிறுத்தி இரண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு இடுக்கில் காய்ச்சிய பால் இறங்கும், அடுத்த இடுக்கில் பச்சைப் பால் எதிர்த் திசையில் ஏறும். காய்ச்சிய பாலின் சூடே பச்சைப் பாலைச் சூடாக்கிவிடும், பச்சைப் பாலின் குளிரே காய்ச்சிய பாலை ஆற்றிவிடும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். நல்ல இயந்திரத்தில் 90 சதவீதமும் அதற்கு மேலும் இப்படியே திரும்பக் கிடைக்கும். மீதி ஏழு டிகிரிக்கு மட்டும் வெந்நீர், கடைசி ஏழு டிகிரிக்கு மட்டும் ஐஸ் தண்ணீர்.

ஒரு சமாச்சாரத்தை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தகட்டில் ஊசி முனை ஓட்டை விழுந்தால் பச்சைப் பால் காய்ச்சிய பாலில் கலந்துவிடாதா என்று கேட்டேன். காகா சிரித்தார். காய்ச்சிய பால் பக்கம் எப்போதும் அழுத்தம் கொஞ்சம் அதிகமாக வைத்திருப்பார்களாம். ஒழுகினாலும் நல்லது கெட்டதில் போய்ச் சேரும், கெட்டது நல்லதில் சேராது. எங்கள் ஆடிட் டிபார்ட்மெண்ட்டுக்குக் கூட இவ்வளவு யோசனை கிடையாது.

காகாவின் இயந்திரம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. மணிக்கு மூவாயிரம் லிட்டருக்குச் செய்ததை ஐயாயிரத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 72 டிகிரியில் பால் நிற்கும் ஹோல்டிங் ட்யூபை மட்டும் நீளமாக்கிவிட்டார், ஏனென்றால் அதில் கை வைத்தால் பாலே கெட்டுவிடும். தகடுகள் பழைய எண்ணிக்கைதான். பால் வேகமாக ஓடுகிறது, சூடு கைமாற நேரமும் இடமும் போதவில்லை. ரீஜெனரேஷன் 70 சதவீதத்தில் நின்றது. அந்தச் சட்டத்தின் அழகு என்னவென்றால், போல்ட்டைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் தகடுகளைச் சேர்த்து மறுபடி இறுக்கிவிடலாம். அதற்கும் சில்லறை வேலைகளுக்கும் சேர்த்து ஒன்பது லட்சம் டெர்ம் லோன் கேட்டார்.

வங்கி ஃபாரத்தில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? திட்டத்தால் கூடும் உற்பத்தித் திறன் எவ்வளவு? 'இல்லை' என்று எழுதினேன். கூடும் விற்பனை? 'இல்லை.' அப்புறம் எதற்கு ஐயா கடன்?

காகா என் எதிரில் உட்கார்ந்து, "சாஹேப், கர்மி பண் மூடி சே" என்றார். சூடும் மூலதனம்தான் என்று அர்த்தம். குஜராத்தியில் மூடி என்றால் மூலதனம். நான் தமிழ் மூளையோடு ஏதோ பாத்திர மூடியைப் பற்றிச் சொல்கிறார் போலிருக்கிறது என்று தலையாட்டி வைத்தேன். விற்பனை கூடாத திட்டத்துக்குக் கடன் ஏற்புடையதல்ல என்று இரண்டு வரி எழுதினேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் மாசம். டீ கூட ஆறியிருக்காது.

2016 ஜனவரியில் அவருடைய பழைய கடன் என்.பி.ஏ. ஆனது. மாசத் தவணை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மூன்று தவணை பாக்கி, 90 நாள் தாண்டியது, கணக்கு வேறு பதிவேட்டுக்குப் போயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் உலகச் சந்தையில் பால் பவுடர் விலை சரிந்திருந்தது, உபரிப் பாலைப் பவுடருக்கு அனுப்பிப் பிழைத்த பலருக்கும் அடி. பழியை முழுக்க என் தலையில் போட்டுக்கொள்ள நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனாலும் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து, 2014-ல் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

மணிக்கு ஐயாயிரம் லிட்டர் பாலை 68 டிகிரி ஏற்ற, மின்சார அளவில் சொன்னால் சுமார் 380 யூனிட் சூடு வேண்டும். எழுபது சதவீதம் திரும்பக் கிடைத்தால் 114 யூனிட் நாம் கொடுக்க வேண்டும். தொண்ணூறு சதவீதம் என்றால் 38 போதும். மணிக்கு 76 யூனிட் சூடு வீண். அதே அளவு குளிரும் வீண். குளிர் இயந்திரம் ஒரு யூனிட் கரண்ட்டுக்கு சுமார் மூன்று யூனிட் சூட்டை வெளியே இழுத்துப் போடும் என்பதால், கரண்ட் கணக்கில் அது 25 யூனிட். ஆறு மணி நேர ஓட்டம். பாய்லருக்கு இந்தப் பக்கம் கடலைத்தோலில் செய்த கட்டிகள் போடுவார்கள், 'ஒயிட் கோல்' என்பார்கள். அதில் நாளுக்கு 160 கிலோ, கரண்ட் 150 யூனிட். அப்போதைய விலையில், காகா கொடுத்ததைப் பார்த்தால் கிலோ ஆறு ரூபாய், யூனிட் ஏழு ரூபாய், நாளுக்கு இரண்டாயிரம். வருஷத்துக்கு ஏழு லட்சம். லிட்டருக்கு ஏழு பைசாவுக்கும் கீழேதான், ஆனால் பைசாவில்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

மாசம் 58,000 மிச்சம். ஒன்பது லட்சத்துக்கு மூன்று வருஷத் தவணை முப்பதாயிரம். கையில் நிற்பது 28,000. அக்டோபர் 2014-ல் தகடுகள் ஏறியிருந்தால் 2016 ஜனவரி வரை பதினாறு மாசம், நாலரை லட்சம். மூன்று தவணை பாக்கி எவ்வளவு? மூன்று லட்சத்து முப்பதாயிரம்.

பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஜனவரியில் அவர் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்காது. அடுத்த வருஷம் பண்ணையை விற்றார். கடன் அடைந்தது. எங்கள் புத்தகத்தில் அது நல்லபடியாக முடிந்த கணக்கு.

இப்போது நான் சொல்ல வந்த கருத்து. வங்கிக்காரர்கள் இஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய கடன்களுக்கு நிபுணர் அறிக்கை வாங்குகிறோம், எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-லேயே வந்துவிட்டது, பெரிய ஆலைகளுக்கு ஆடிட் உண்டு. ஒன்பது லட்சம் கேட்கிற காகாவுக்கு யார் அறிக்கை எழுதுவார்கள்? அவரும் நானும்தான். நான் கேட்க வேண்டியிருந்தது நான்கே நான்கு எண்கள். சூடானது உள்ளே வரும்போது எத்தனை டிகிரி, வெளியே போகும்போது எத்தனை. குளிர்ந்தது உள்ளே வரும்போது எத்தனை, வெளியே போகும்போது எத்தனை. நான்கு தெர்மாமீட்டர். காகாவின் பண்ணையில் காய்ச்சிய பால் தகடுகளை விட்டு 24 டிகிரியில் வந்துகொண்டிருந்தது. 11-ல் வந்திருக்க வேண்டும். நான் இன்ஸ்பெக்ஷன் போனபோது அந்தத் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஸ்டாக்கை எண்ணினேன், இன்ஷூரன்ஸ் பார்த்தேன், போர்டில் வங்கிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்த நான்கு எண்களை மாசா மாசம் குறித்து வைத்தால் இன்னொன்றும் தெரியும். சுவரில் அழுக்குப் படிகிறதா என்று. பாலைச் சூடாக்கும்போது அதன் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தகட்டில் ஒட்டிக் கல்லாகும். அதனால்தான் ஓட்டம் முடிந்ததும் காரம் ஒரு முறை, அமிலம் ஒரு முறை விட்டு அலசுகிறார்கள். செலவைக் குறைக்கிறேன் என்று அலசலில் கை வைக்கிற முதலாளியை ரெப்பேர் செலவு குறைந்திருக்கிறது, சபாஷ் என்று லாப நஷ்டக் கணக்கைப் பார்த்துப் பாராட்டுகிறவர்கள் நாங்கள்தான்! பராமரிப்புச் செலவு திடீரென்று இறங்கினால் நான் இப்போது சந்தோஷப்படுவதில்லை, ஏன் என்று கேட்கிறேன். நண்பர் ஒருவர், நிஜ இஞ்சினியர், "நாலு நம்பர்ல எல்லாம் தெரியாதுப்பா, பாய்ச்சல் எவ்வளவுன்னும் பார்க்கணும்" என்கிறார். சரி, ஐந்தாக வைத்துக்கொள்வோம். பூஜ்யத்தை விட ஐந்து பெரிசுதானே.

வீட்டுக்கு வருவோம். இந்த ஊர்த் தண்ணீரில் இருக்கும் உப்பு உங்களுக்குத் தெரியும், பருப்பு வேகாத தண்ணீர். செம்போடு ஒப்பிட்டால் அந்த வெள்ளைப் படிவு சூட்டைக் கடத்துவதில் நூறு மடங்குக்கும் மேல் மட்டம். ஒரு மில்லிமீட்டர் படிந்தால், குழாயின் செம்பு பத்து சென்டிமீட்டர் தடிமன் ஆன மாதிரி. கேஸ் கீசரில் வெளிப்பக்கம் கரி அடைத்தால் அதை விட மோசம். எரிந்த புகை மேலே போக வழியில்லாமல் தீ மஞ்சளாக எரியும், கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, கண் எரியாது, குளித்துக்கொண்டிருக்கும்போதே ஆளைச் சாய்த்துவிடும். வடக்கேயும் மேற்கேயும் குளிர்காலத்தில் இப்படி உயிர் போவது பத்திரிகையில் வருஷா வருஷம் வருகிறது. நம்மூரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சாமானே பழக்கமில்லை. வாடகை வீட்டில் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தால் வீட்டுக்காரரோடு சண்டை போட்டாவது வெளியே மாற்றச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை அந்தச் செம்புப் பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதை வாஷிங் ஏரியாவில்தான் மாட்டியிருக்கிறது. மூன்று வருஷமாகக் கழற்றவில்லை, அது என் சோம்பேறித்தனம்.

காகாவைப் போன வருஷக் குளிரில் பார்த்தேன். இப்போது ஒரு கிராமத்தில் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றை மேற்பார்க்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே. டீ கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். குளிர் இயந்திரத்தின் கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான குழாயை ஒரு தண்ணீர்த் தொட்டி வழியாகச் சுற்றி விட்டிருந்தார். பாலிலிருந்து எடுத்த சூடு, காற்றில் போவதற்கு முன் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்த வெந்நீரில்தான் பால் கேன்களைக் கழுவுகிறார்கள், தனி அடுப்பு கிடையாது. தொட்டியின் மேல் ஒரு தெர்மாமீட்டர், 55 காட்டியது.

"இதுக்கு லோன் எடுத்தீங்களா காகா?" என்றேன்.

"இல்லை சாஹேப், கைக்காசு" என்றார்.